கேபிள் டிவியை கம்ப்யூட்டரில் பதிவு செய்ய முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பழைய டெஸ்க்டாப்பை என்னவெல்லாம் செய்யலாம் என்று எழுதும்போது, "டிவி பார்க்கவும் பதிவு செய்யவும்கூட வைத்துக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

எங்கள் வீட்டில் அரசு கேபிள் செட்-டாப் பாக்ஸ். ராத்திரி எட்டு மணி சீரியல் அம்மாவுக்குத் தவறிவிடுகிறது, அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு வாரக் கதை போச்சு. பழைய ஐ3 கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. கடையில் கேட்டால் "டிவி டியூனர் கார்டு போட்டுக்குங்க" என்கிறார்கள். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

வாங்காதீர்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்னவோ, அந்தக் கார்டு உங்கள் வீட்டுக் கேபிளுக்கு எந்த வேலையும் செய்யாது.

2000-களில் நிறைய ஹாஸ்டல் ரூம்களில் டிவியே இருக்காது, கம்ப்யூட்டர் மானிட்டரோடு ஒரு டியூனர் பெட்டி இருக்கும், கேபிள் வயரை நேராக அதில் சொருகினால் எல்லாச் சேனலும் வரும். அன்றைக்கு வயரில் வந்தது அனலாக் சிக்னல், அதில் பூட்டு கிடையாது. அப்புறம் கேபிள் டிஜிட்டலாக்கம் வந்தது. முதல் கட்டமாக நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு, கடைசிக் கட்டமான சிற்றூர், கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 கெடு (சென்னையில் வழக்கு அது இது என்று இழுத்தது வேறு கதை). இப்போது உங்கள் வயரில் வருவது டிஜிட்டல், அதுவும் மறைகுறியாக்கிய டிஜிட்டல். சேனல் கட்டணச் சேனலா இலவசச் சேனலா என்ற பேதமே இல்லை, கேபிள்காரர் எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. பூட்டைத் திறக்கும் சாவி உங்கள் பாக்ஸுக்குள் இருக்கிறது, உங்கள் பெயரில் பதிவான அந்தப் பாக்ஸுக்குள் மட்டும். கம்ப்யூட்டரில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அதற்குச் சாவியைத் தர மாட்டார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தக் கார்டு?" இல்லை. உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னல் பூட்டியதா, திறந்ததா என்பதுதான். பூட்டியது என்றால் ஒரே வழி, பாக்ஸ் அதைத் திறந்து வெளியே தரும் இடத்தில் பிடிப்பது. அந்த வாசல் இரண்டு: எச்டிஎம்ஐ, இன்னொன்று மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின்கள் (சில பாக்ஸில் இவை மூன்றையும் ஒரே சின்ன ஓட்டையில் அடக்கியிருப்பார்கள், அதற்கென ஒரு வயர் கூடவே கொடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்). உங்களுக்கு ஏவி வழியைத்தான் சொல்வேன். ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே பதில்.

ஆன்லைனில் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு (எச்டிஎம்ஐ வழி வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) ஒன்று வாங்கினேன். "4கே" என்று பெட்டியில் போட்டிருந்தது. லேப்டாப் திரையை அதில் கொடுத்தால் அருமையாக வருகிறது. டிடிஎச் பாக்ஸைக் கொடுத்தால் வெறும் கறுப்பு. கார்டு போலியா? (சேலம் வாசகர்)

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாக்ஸ்தான் தர மறுக்கிறது. எச்டிஎம்ஐ வயருக்குள்ளேயே எச்டிசிபி என்று ஒரு பூட்டு ஏற்பாடு இருக்கிறது. பாக்ஸ் முதலில் எதிர்முனையை "நீ யார்?" என்று விசாரிக்கும், டிவி தன் சாவியைக் காட்டும், படம் வரும். கேப்சர் கார்டிடம் அந்தச் சாவி இல்லை, கறுப்புத் திரைதான். சில பாக்ஸ்கள் எச்டி சேனலுக்கு மட்டும் இப்படிச் செய்யும், சில எப்போதுமே. வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வழி இல்லாததுதான் இதில் எரிச்சல்.

"ஒரு ஸ்ப்ளிட்டர் நடுவில் போட்டால் வந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். சில மலிவு ஸ்ப்ளிட்டர்கள் இந்தப் பூட்டைக் கழற்றிவிடுகின்றன என்பது உண்மைதான், ஆனால் அதை வாங்கச் சொல்லி நான் எழுத மாட்டேன், காரணம் கீழே சட்டக் கேள்வியில்.

அந்த "4கே" பற்றி ஒரு வார்த்தை. அது உள்ளே நுழையும் சிக்னலின் அளவு. யூஎஸ்பி 2.0-இல் ஓடும் மலிவு ரகங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அதிகபட்சம் 1080பி, அதுவும் நொடிக்கு 30 படம். நம் ஊர் டிவி நொடிக்கு 25, 50 என்ற கணக்கில் ஓடுவது, அதை 30-க்குள் திணித்தால் கிரிக்கெட் பந்து தத்தித் தத்திப் போகும். உங்கள் பாக்ஸ் எச்டிசிபி இல்லாமல் எச்டிஎம்ஐ தருகிறது என்றால் பாக்ஸின் வெளியீட்டை 720பி-யாக மாற்றி, கம்ப்யூட்டரிலும் 720பி, 50 என்று வையுங்கள். எண் சின்னதாகத் தெரிந்தாலும் கண்ணுக்கு இதுதான் நன்றாக இருக்கும்.

இனி திருச்சிக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஏவி வழி. ஏவி வெளியீடு பழைய அனலாக், அதில் எச்டிசிபி கிடையாது. ஏவி பின்களை யூஎஸ்பி-யாக மாற்றும் குட்டிக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. படத் தரம் 720 x 576, எச்டி இல்லை. சீரியலுக்கும் செய்திக்கும் இது தாராளம், அம்மா நிச்சயம் புகார் சொல்லப்போவதில்லை. மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவசம். கருவியைச் சேர்த்ததும் மூன்று இடங்களைத் தொட வேண்டும், இவற்றை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் "குவாலிட்டி மட்டம்" என்று கருவியைத் தூக்கிப் போடுகிறார்கள். வீடியோ வகையில் நம் ஊர் டிவி முறையான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். அடுத்து, யாராவது வேகமாகக் கையாட்டினால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். ஓபிஎஸ்-இல் அந்தப் படத்தின் மேல் வலது க்ளிக் செய்தால் டீஇன்டர்லேசிங் என்று ஒரு வரி இருக்கும், அதில் யாடிஃப் 2எக்ஸ் போட்டு, ஓபிஎஸ்-இன் வேகத்தையும் நொடிக்கு 50 படம் ஆக்கிவிடுங்கள். மூன்றாவது, பாக்ஸில் 16:9 என்று வைத்திருந்தால் ஏவி வழியில் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள், படத்தை 1024 x 576-க்கு இழுத்துவிட்டால் பழைய உடம்புக்கு வந்துவிடுவார்கள்.

நான் வேலைக்குப் போய்விடுவேன். மதியம் இரண்டு மணிக்கு ஆள் இல்லாமலே தானாகப் பதிவாக வேண்டும். முடியுமா? (கோவை வாசகி)

முடியும், ஆனால் பாக்ஸும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு அங்கே எந்தச் சேனல் ஓடுகிறது என்றே தெரியாது, வருவதை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். எனவே சேனல் மாற்றும் பொறுப்பு பாக்ஸுக்கு. பல பாக்ஸ்களில் ரிமைண்டர் வசதி உண்டு, சொன்ன நேரத்தில் சொன்ன சேனலுக்குத் தாவும். உங்கள் பாக்ஸில் அது இல்லை என்றால் காலையிலேயே அந்தச் சேனலை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக உறங்கிப்போகும் அமைப்பு ஒன்று பாக்ஸில் ஒளிந்திருக்கும், அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் ஷெட்யூலர் போதும். 1.55-க்கு ஓபிஎஸ்-ஐத் திறக்கச் சொல்லுங்கள், திறந்ததுமே பதிவைத் தொடங்கும்படி சொல்ல ஒரு கட்டளைச் சொல் இருக்கிறது, ஓபிஎஸ் உதவிப் பக்கத்தில் தொடக்கக் கட்டளைகள் பட்டியலில் பார்க்கலாம். ஒரு பொறி மட்டும் உண்டு: ஷெட்யூலரில் "எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டும்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஓபிஎஸ் பிழை காட்டி நின்றுவிடும், ஓபிஎஸ் செயலி இருக்கும் ஃபோல்டரையே அதில் கொடுங்கள். நிறுத்துவதற்கு ஓபிஎஸ்-இன் டூல்ஸ் மெனுவில் அவுட்புட் டைமர் இருக்கிறது, 45 நிமிடம் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் செயல்படும்படி டிக் செய்துவிடுங்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யாமல் ஸ்லீப்பில் விட்டுப் போனால் ஷெட்யூலரே எழுப்பிவிடும், அதற்கும் அங்கேயே ஒரு டிக் உண்டு.

அடுத்தது கரண்ட். எம்பி4 வடிவத்தில் பதிவு செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் பெரும்பாலும் மொத்தமாகப் போய்விடும், ஏனென்றால் அதன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகிறது. எம்கேவி-யில் பதிந்தால் கரண்ட் போன நொடி வரைக்கும் உள்ளது தப்பிக்கும். பிறகு வேண்டுமானால் ஓபிஎஸ்-இலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை, தரம் குறையாது. சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் பாக்ஸையும் அதே யூபிஎஸ்-இல் சொருகுங்கள். கம்ப்யூட்டர் மட்டும் தாக்குப்பிடித்து, பாக்ஸ் அணைந்து எழுந்தால், பல பாக்ஸ்கள் நேராக லேண்டிங் சேனலில் (பாக்ஸைப் போட்டதும் முதலில் வரும் சேனல்) போய் நிற்கும். அப்புறம் சீரியலுக்குப் பதிலாக நாற்பது நிமிடம் நகைக்கடை விளம்பரம் அழகாகப் பதிவாகியிருக்கும்.

அப்பாவுக்கு எண்பது வயது. டிடி தமிழில் வரும் கச்சேரிகளைச் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறார். மொட்டை மாடியில் பயன்படாத ஒரு டிஷ் இருக்கிறது. நான் லினக்ஸ் ஓரளவு தெரிந்தவன், செலவைப் பற்றிப் பரவாயில்லை. (திருநெல்வேலி வாசகர்)

இத்தனை கடிதங்களில் எனக்குப் பிடித்த கடிதம் இது, ஏனென்றால் உங்களுக்குத் தேவையான சேனல் பூட்டில்லாமல் வானத்திலிருந்து வருகிறது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சியாகத் தொடங்கி, பிறகு பொதிகையாகி, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறதே, அது தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் திறந்த சிக்னல். மாதக் கட்டணம் இல்லை. இங்கேதான் கம்ப்யூட்டரில் டியூனர் கார்டு போடுவதற்கு இன்னும் அர்த்தம் இருக்கிறது.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, 93.5 டிகிரி கிழக்கு. உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசை, நல்ல உயரத்தில், அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 69 டிகிரி மேலே. அதனால் பக்கத்து வீட்டு மரமெல்லாம் பெரும்பாலும் மறைக்காது. மாடியில் கிடக்கும் டிஷ் கேயூ பேண்ட் ரகமாக (டிடிஎச்-க்கு வைக்கும் சின்ன டிஷ்) 60 செ.மீ. இருந்தால் அதையே திருப்பிக்கொள்ளலாம், துரு ஏறி வளையாமல் இருந்தால் சரி. அதன் முன்னால் இருக்கும், சிக்னலை வாங்கி வயரில் அனுப்பும் எல்என்பி பழையது என்றால் மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், இரண்டு வாய் உள்ள ட்வின் எல்என்பி-யாக வாங்கிவிடுங்கள். ஒரே வயரைப் பிரித்து டிவி பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தால் தகராறு வரும், ஏனென்றால் செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடை அலைக்கு 18 வோல்ட் என்று ரிசீவர்தான் எல்என்பி-க்கு உத்தரவு போடுகிறது. ஒருத்தர் 13 கேட்க இன்னொருத்தர் 18 கேட்டால் யாராவது ஒருவருக்குப் படம் போகும்.

கார்டு டிவிபி-எஸ்2 ரகமாக, அதாவது செயற்கைக்கோள் சிக்னலுக்கானதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையும் உண்டு, யூஎஸ்பி வகையும் உண்டு. உள்ளூர்க் கடைகளில் அரிது, வரவழைக்கத்தான் வேண்டும். வாங்கும் முன் அந்த மாடலுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தயாரிப்பாளர் தனியாகத் தரும் டிரைவர் என்றால் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் நீங்கள் உட்கார்ந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

மென்பொருள் டிவிஹெட்எண்ட். கம்ப்யூட்டரில் திரையே இல்லாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், உலாவியில் திறந்து எந்தச் சேனலை எப்போது பதிய வேண்டும் என்று குறித்துவிடலாம். பார்ப்பதற்கு டிவியில் கோடி (Kodi) என்ற மென்பொருள். அப்பாவிடம் ஒரு ரிமோட்டைக் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் என்ற பேச்சே அவருக்குத் தேவையில்லை. இந்த வழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: கார்டு எதையும் மறுபடி சுருக்குவதில்லை, வானத்திலிருந்து வந்த டிஜிட்டல் ஓட்டத்தை அப்படியே வட்டில் எழுதுகிறது. அதனால் ஒளிபரப்பான அதே தரம், ஒலியும் அப்படியே, பதினைந்து வருடப் பழைய ப்ராசசர்கூட மூச்சு வாங்காது. ஒரே அதிர்வெண்ணில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், ஒரே கார்டில் அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு மூன்றைக்கூட ஒரே சமயத்தில் பதியலாம். நிகழ்ச்சி நிரல் தகவலை மட்டும் நம்பாதீர்கள், கடிகார நேரம் போட்டு, முன்னே ஐந்து நிமிடம் பின்னே பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், கச்சேரி என்றைக்கு நேரத்துக்கு முடிந்தது? பிறகு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் முன்பின் நறுக்கிவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களிலேயே பென் டிரைவ் சொருகிப் பதிவு செய்யும் வசதி பலவற்றில் இருக்கிறது, இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் லினக்ஸ் தெரிந்தவர் என்பதால்தான் கார்டு வழியை இவ்வளவு நீட்டினேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு "நானும்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் அந்தப் பாக்ஸை வாங்கட்டும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் நீளமான பதிவுகள் 4 ஜிபி-க்கு ஒன்றாகத் துண்டாகும், அது கோளாறு இல்லை. தனியார் தமிழ்ச் சேனல்கள் நிறைய வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் இடங்கள் ஏலத்தில் போகின்றன, பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே வரும் தமிழ்ச் சேனலான வசந்தத்தை இப்படிப் பதிய முடியுமா? (சிங்கப்பூர் வாசகி)

நம் ஊர்க்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்குச் சுலபம். அங்கே 2019 ஜனவரி தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்குப் போய்விட்டார்கள், வசந்தம் உட்பட மீடியாகார்ப் ஒளிபரப்பு நிறுவனத்தின் இலவசச் சேனல்கள் டிவிபி-டி2 என்ற ஆன்டெனா ஒளிபரப்பு முறையில் பூட்டில்லாமல் காற்றில் வருகின்றன. டிவிபி-டி2 என்று தெளிவாகப் போட்ட யூஎஸ்பி ஸ்டிக் ஒன்று, ஜன்னலோரம் வைக்கும் சின்ன ஆன்டெனா ஒன்று, விண்டோஸ் என்றால் நெக்ஸ்ட்பிவிஆர் என்ற மென்பொருள். வெறும் டிவிபி-டி என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், அந்த 2 முக்கியம்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. தவறவிட்ட சீரியலைப் பதிந்து வீட்டில் பார்ப்பதை இதற்குள் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து, நான் வக்கீல் இல்லை. ஆனால் 2012 திருத்தத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது குற்றம் என்கிறது அது. மேலே ஸ்ப்ளிட்டர் விஷயத்தில் நான் ஒதுங்கியதற்கு இதுதான் காரணம். பதிந்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, யூடியூபில் ஏற்றுவது எல்லாம் சொந்த உபயோகம் ஆகாது. கேபிள், டிடிஎச் படத்தில் அவ்வப்போது ஒரு எண் திரையில் எங்காவது தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் பாக்ஸின் அடையாளம், யார் வீட்டிலிருந்து வெளியே போனது என்று கண்டுபிடிக்கத்தான் அதைக் காட்டுகிறார்கள்.

எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும்? (வேலூர் வாசகர்)

நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி, இந்த ஒரு கணக்கு போதும். ஏவி வழிப் பதிவுக்கு 2.5 மெகாபிட் வைத்தால் மணிக்கு 1.1 ஜிபி சொச்சம், 1 டிபி-யில் எண்ணூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பார்த்து முடித்ததை அழிக்கும் பழக்கம் இருந்தால் இப்போது இருக்கும் டிஸ்க்கே போதும்.

டிடிஎச் பாக்ஸிலேயே ரெக்கார்டிங் வசதி இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கும் சொருகியிருக்கிறேன். அந்த டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டால் எதுவும் திறக்கவில்லை. (ஈரோடு வாசகர்)

திறக்காது. பாக்ஸ் பூட்டோடுதான் எழுதி வைக்கிறது, அதே பாக்ஸில்தான் ஓடும். பாக்ஸை மாற்றினாலோ இணைப்பை நிறுத்தினாலோ அந்தப் பதிவுகள் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, கம்ப்யூட்டரில் சொருகும்போது விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், பழக்க தோஷத்தில் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

ஓடிடி ஆப்பில் ஓடும் சீரியலை ஓபிஎஸ்-இல் பதிந்தால் ஒலி மட்டும் வருகிறது, படம் கறுப்பு. (மதுரை வாசகி)

அங்கேயும் பூட்டு இருக்கிறது, உலாவியும் ஆப்பும் படத்தை மட்டும் பதிவு மென்பொருளின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஆப்பில் இருக்கும் சீரியலை எதற்குப் பதிய வேண்டும்? பல ஆப்களில் டவுன்லோட் பொத்தானே இருக்கிறதே, ஆப்புக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். திருச்சிக்காரருக்கும் இதைத்தான் கடைசியாகச் சொல்கிறேன்: அம்மா பார்க்கும் சீரியல் அந்தச் சேனலின் ஆப்பிலோ யூடியூப் பக்கத்திலோ வருகிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். வந்தால் கருவியும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

பதிவெல்லாம் வேண்டாம். பழைய மானிட்டரில் டிவி தெரிந்தால் போதும். (தஞ்சாவூர் வாசகர்)

மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் பாக்ஸை நேராக அதில் சொருகுங்கள், கம்ப்யூட்டரே தேவையில்லை. மானிட்டரில் பெரும்பாலும் ஸ்பீக்கர் இருக்காது, அதனால் பாக்ஸின் வெள்ளை, சிவப்பு பின்களிலிருந்து ஒலியைத் தனியாக ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுங்கள். விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர் என்றால் ஏவி-யிலிருந்து விஜிஏ-வாக மாற்றும் பெட்டி கிடைக்கிறது, ஆனால் அதற்குச் செலவழிப்பதற்குப் பதில் பழைய டிவி ஒன்றை விசாரித்துப் பாருங்கள்.